கல்லறைக்குப் போன கரம்பை

எனக்கு நாக்கு நீளம். எங்கள் வீட்டில் எல்லோரும் ஒப்புக்கொண்ட விஷயம் இது, நான் உட்பட. ஒன்றைக் கேட்டால் பத்துச் சொல்வேன், அதில் ஏழு கேட்டவரைக் குத்தும். ஆனால் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை, நீளமாகப் பேசியே ஆக வேண்டிய இடத்தில், சுருக்கமாகப் பேசிவிட்டேன். அந்த ஒரு தடவையைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

தேனியில் ஒரு மண் பரிசோதனைக் கூடத்தில் இருபது வருடமாக வேலை பார்க்கிறேன். அண்ணனுக்குத் தோட்டம் உத்தமபாளையத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தில். பன்னீர் திராட்சை. மேல் பந்தல், கீழ் பந்தல் என்று இரண்டு துண்டு. எங்கள் பக்கத்து மண் செம்மண். தண்ணீர் நிற்காது, சத்தும் நிற்காது. அதனால் கோடையில் கண்மாய் வற்றியதும், அடியில் படிந்த கறுப்பு வண்டலை வெட்டி டிராக்டரில் ஏற்றிக்கொண்டுவந்து தோட்டத்தில் பரப்புவோம். கரம்பை அடிப்பது என்று அதற்குப் பெயர். அண்ணனுக்கு அது ஒரு கிறுக்கு. வருடம் தவறாமல் கீழ் பந்தலுக்குக் கரம்பை அடித்து அடித்து, செம்மண் தெரியாதபடி கறுப்பாக்கி வைத்திருந்தார். மழை பெய்து விட்ட மறுநாள் அந்த மண்ணில் கால் வைத்தால், கேக்கில் கால் வைத்தது போல இருக்கும்.

அந்த மண்ணை அவர் தானமும் செய்வார். எங்கள் ஊர்க் கிறிஸ்தவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாளுக்கு முன்னால், அவரவர் வீட்டுக் கல்லறை மேட்டுக்கு அவரவர் நிலத்து மண்ணைக் கொண்டுவந்து போட்டு, தட்டிச் சரிசெய்து, பூ வைத்து மெழுகுவர்த்தி ஏற்றுவோம். வாங்கிய மண் கூடாது. நிலம் இல்லாத வீடுகள் என்ன செய்யும்? அண்ணனிடம் வரும். அவர் ஒரு கூடை கேட்டால் ஒரு சாக்கு கொடுப்பார். ஊரில் அவருக்கு இருந்த மரியாதையில் பாதி அந்த மண்ணால் வந்தது.

போன வருடம் கோடையில், வெளிநாட்டுக்குத் திராட்சைச் சாறு அனுப்பும் ஒரு கம்பெனி எங்கள் பக்கத்து விவசாயிகளிடம் பழம் எடுக்க வந்தது. வழக்கமான பரிசோதனைகளோடு பிஎஃப்ஏஎஸ் என்று ஒன்றையும் கேட்டது. ஒட்டாத தோசைக்கல், நனையாத கோட்டு, எண்ணெய் ஊறாத காகிதம், தீயணைக்கும் நுரை என்று எல்லாவற்றிலும் கலந்திருக்கும் ரசாயனக் கூட்டம் அது. ஒருதரம் மண்ணில் சேர்ந்தால் மக்காது, எரித்தாலும் லேசில் போகாது. எங்கள் கூடத்தில் அதைப் பார்க்கும் மெஷின் கிடையாது. மாதிரி எடுத்து வெளியூர் அனுப்புவதுதான் என் வேலை.

மாதிரி எடுக்கப் போகிறவர் மேலேயே அந்த ரசாயனம் இருந்துவிடக் கூடாது என்று ஏகப்பட்ட கெடுபிடி. முகத்துக்குக் கிரீம் கூடாது, புதுத் துணி கூடாது, மழைக்கோட்டு கூடாது. பலமுறை துவைத்த பழைய பருத்திச் சேலையோடு, பவுடர்கூடப் போடாமல் போய் நின்றேன். மதினி, அதாவது அண்ணன் மனைவி, என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"என்னத்தா இது கோலம்? மடத்துல சேரப் போறியா? இந்த வயசுல சேத்துக்கிறுவாகளா?"

அண்ணன் சிரிக்கவில்லை. நான் குழி போட்டு மண் எடுப்பதைப் பக்கத்திலேயே குத்தவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கை அள்ளி மோந்து பார்த்தார். "என் மண்ணுல என்ன குத்தம் இருக்கப் போகுது பாப்பா? அனுப்பு, அனுப்பு" என்றார். எனக்கு ஐம்பது தாண்டியும் அவருக்கு நான் பாப்பாதான்.

முடிவு வர நாளானது. அக்டோபர் தொடக்கத்தில் வந்தது. மேல் பந்தலில் அநேகமாக ஒன்றுமில்லை. கீழ் பந்தலில் கொஞ்சம் இருந்தது. கொஞ்சம் என்றால், இன்றைக்கு எந்த ஊரில் தோண்டினாலும் கிடைக்கக்கூடிய கொஞ்சம். பின்னணி அளவு என்பார்கள். மழையிலும் காற்றிலும் வந்து சேருவது. மேல் பந்தலைவிடக் கீழ் பந்தலில் கூடுதலாக இருந்ததற்குக் கரம்பைதான் காரணம் என்று எனக்குப் பார்த்ததுமே புரிந்தது. ஊரெல்லாம் குளித்து, துவைத்து, பாத்திரம் கழுவிய தண்ணீர்தானே கடைசியில் கண்மாயில் போய்ப் படிகிறது. எந்தக் கண்மாய் என்று எழுத மாட்டேன். எந்தக் கண்மாயாக இருந்தாலும் இதே கதைதான்.

இப்படிப்பட்ட மண்ணை என்ன செய்வது? பெரிதாக ஒன்றும் செய்ய வேண்டாம். முதல் காரியம், அதை இருக்கிற இடத்தை விட்டு அசைக்காமல் இருப்பது. வரப்பைக் கொஞ்சம் உயர்த்தி, மழைத்தண்ணீர் மண்ணைக் கரைத்து வாய்க்காலில் கொண்டுபோய்விடாமல் பார்க்க வேண்டும். மட்கிய உரமும் கரித்தூளும் சேர்த்தால் ரசாயனத்தைக் கொஞ்சம் பிடித்துவைக்கும். கீரையும் மாட்டுத் தீவனமும் அங்கே போட வேண்டாம், ஏனென்றால் இலையில் ஏறும் அளவுக்குப் பழத்தில் ஏறாது. கரம்பையை இனிமேல் பரிசோதிக்காமல் அடிக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த மண்ணை எடுத்துச் சுத்தமான இன்னொரு இடத்தில், அதுவும் குடிதண்ணீர்க் கிணற்றுப் பக்கத்தில், கொட்டவே கூடாது. இவ்வளவுதான். பொறுமையாகச் சொன்னால் கால் மணி நேரம்.

அண்ணன் போன் செய்தபோது நான் பஸ் ஸ்டாண்டில் நின்றேன். ஒரு கையில் குடை, ஒரு கையில் காய்கறிப் பை. பஸ் வேறு ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

"பாப்பா, ரிசல்ட்டு வந்துருச்சாமே. என் மண்ணு நல்ல மண்ணா, விஷ மண்ணா?"

"அப்படியெல்லாம் ஒரே வார்த்தையில சொல்ல முடியாதுண்ணே."

"எனக்கு ஒரு வார்த்தை போதும்த்தா. நல்லதா, விஷமா?"

"கீழ் பந்தல்ல கொஞ்சம் விஷம் இருக்குன்னு வச்சுக்கயேன். ஞாயித்துக்கெழமை வந்து வெவரமாச் சொல்றேன்."

அந்த ஞாயிறு தலைவலி என்று படுத்துவிட்டேன். அடுத்த ஞாயிறு ஒரு கல்யாணம். இரண்டு வாரம் அவருக்கு நான் ஒரு போன்கூடச் செய்யவில்லை. கொஞ்சம் விஷம் என்ற சொல்லை ஒரு மனிதன் கையில் கொடுத்துவிட்டு, இரண்டு வாரம் விட்டுவிட்டேன். வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் டாக்டர் இப்படிச் சொல்லிவிட்டுப் போவாரா? போனால் நான் சும்மா விடுவேனா?

மூன்றாவது ஞாயிறு பூசை முடிந்து நேராகத் தோட்டத்துக்குப் போனேன். கீழ் பந்தலுக்குள் குனிந்து நுழைந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். கறுப்பு மண் இல்லை. சுத்தமாக இல்லை. அடியிலிருந்த செம்மண் வெளியே தெரிந்தது. ஒவ்வொரு கொடியின் அடியிலும் சல்லி வேர்கள் வெட்டுப்பட்டு வெயிலில் கிடந்தன. ஆள்விட்டு மண்வெட்டியால் முழுக்கச் சுரண்டி எடுத்திருக்கிறார். தலைக்கு மேலே இலைகள் ஓரம் சுருள ஆரம்பித்திருந்தன.

"மண்ணு எங்கண்ணே?"

"கல்லறைத் தோட்டத்துக்குக் குடுத்துட்டேன்" என்றார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. "திருநாளு வருதுல்ல. மண்ணு கேட்டு ஒம்பது வீட்டுக்காரவுக வந்து நின்னாக. உசுரோட இருக்கிறவுக வீட்டுக்குக் குடுத்தாத்தானே பாவம்? செத்தவுகளை எந்த விஷம் என்ன செய்யப் போகுது? மிச்சம் அங்கனயே ஒரு குமியாக் குமிஞ்சு கெடக்கு."

எங்கள் கல்லறைத் தோட்டத்துக்குக் கீழ்ப்புறம், அறுபது எழுபது அடி தள்ளி, ஊர்க் குடிதண்ணீர்க் கிணறு இருக்கிறது. சரிவு நேராக அங்கேதான் இறங்குகிறது. ஐப்பசி மழை எந்நேரமும் வரலாம்.

அப்போது என் நாக்கு தன் முழு நீளத்துக்கும் வெளியே வந்தது. கூலியாட்கள் நின்றார்கள், மதினி நின்றார், யாரையும் பார்க்கவில்லை. எந்த மண்ணை அசைக்காமல் வைக்கணுமோ அதை அசைத்தாய், எங்கே கொட்டக் கூடாதோ அங்கே கொட்டினாய், கொடியையும் கொன்றாய் என்று அடுக்கினேன். கடைசியில், "படிக்காத புத்தின்னு காட்டிட்டேல்ல" என்றும் சொன்னேன்.

அண்ணன் கோபப்படவில்லை. தலைத்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"இம்புட்டு இருக்குன்னா, அன்னைக்கே சொல்லிருக்கலாமே பாப்பா."

நான் வழக்கமாகச் செய்வதையே செய்தேன். இன்னும் சத்தமாகக் கத்திவிட்டு பஸ் ஏறிவிட்டேன்.

அதன் பிறகு நடந்ததை மதினி சொல்லித்தான் எனக்குத் தெரியும். மறுநாளே அண்ணன் கூடையும் சாக்குமாக வீடு வீடாகப் போயிருக்கிறார். கல்லறை மேட்டில் போட்ட மண்ணைத் திருப்பிக் கேட்டு. கொடுத்ததைத் திருப்பிக் கேட்பதே எங்கள் ஊரில் கேவலம். அதிலும் செத்தவர் மேல் போட்டதை யார் கேட்பார்கள்? இரண்டு வீட்டில் சரி என்றார்களாம். மற்றவர்கள் ஏன் என்று கேட்க, மறைக்கத் தெரியாத மனிதர் உள்ளதைச் சொல்லியிருக்கிறார். அதில் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கும் ஓர் அக்கா, புருஷனைப் பறிகொடுத்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, வாசலிலேயே வைத்துக் கேட்டுவிட்டாராம்.

"என் வீட்டுக்காரக மேல வெச மண்ணைப் போட வச்சதும் நீங்க, இப்ப அதைத் தோண்டச் சொல்றதும் நீங்களா? மாட்டேன். போங்க."

இரண்டே நாளில் அது ஊர் முழுக்க விஷ மண் ஆனது. மேல் பந்தலில் பழம் அறுக்க வருகிற பெண்கள் வரத் தயங்கினார்கள். கம்பெனி மேல் பந்தல் பழத்தை எடுக்கத் தயாராகத்தான் இருந்தது. ஆனால் ஆள் வந்தால்தானே அறுக்க? கம்பத்திலிருந்து பதினைந்து வருடமாகப் பழம் எடுக்கும் வியாபாரி பாய் ஒருவர் உண்டு. அவர்தான் கேள்விப்பட்டதும் வந்து, எல்லோரும் பார்க்கக் கீழ் பந்தலில் ஒரு குலையைப் பறித்து நின்ற இடத்திலேயே தின்றாராம். "இம்புட்டு நாளு இதத்தானே தின்னேன். நான் என்ன செத்தா போனேன்?" என்றாராம். அண்ணன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார் என்று மதினி சொன்னார். நான் பேச வேண்டிய பேச்சை ஒரு வியாபாரி தின்று காட்ட வேண்டியிருந்தது.

ஒரு புதன்கிழமை மத்தியானம் அண்ணனே எனக்குப் போன் செய்தார்.

"பாப்பா, மழைக்குள்ள அம்புட்டையும் எடுத்துறணும். ஒரு கூடை விடக் கூடாது. திருப்பிக் கீழ் பந்தல்லயே போட்டா சரியாப் போயிரும்ல?"

"சரியாப் போயிரும். ஆனா சாக்குல கட்டி எடு, வழியில சிந்தாம. வரப்பை ஒசத்து. கரித்தூளு நான் வாங்கியாறேன்."

"கொடி தழைச்சுருமா?"

"பாப்பம்."

அவ்வளவுதான். மன்னிச்சிருண்ணே என்று ஒரு வார்த்தை வாய்வரை வந்தது. ஆபீஸில் ஆள் நிற்கிறார்கள், நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று நான் தள்ளிப்போட்டது அது இரண்டாவது தடவை.

வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்கு மதினியிடமிருந்து போன் வந்தது. கீழ் பந்தலில் வரப்புக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். வண்டி வருவதற்குள் போய்விட்டார். மாரடைப்பு என்றார் டாக்டர். ஏற்கனவே இருந்ததுதான், மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார் என்றும் சொன்னார். அந்த மண்ணுக்கும் அவர் சாவுக்கும் சம்பந்தம் இல்லை. இதை எனக்குத் தெரிந்த அளவுக்கு உறுதியாகச் சொல்ல இன்னொருவர் ஊரில் கிடையாது. என் பேச்சுக்கும் அவர் சாவுக்கும் சம்பந்தம் இல்லை என்று எனக்குச் சொல்லத்தான் யாரும் கிடையாது.

மறுநாள் அடக்கம். கல்லறைத் தோட்டத்துக்குள் நுழைந்ததும் நான் கண்டது கறுப்பு. செம்மண் பூமியில் அங்கங்கே கறுப்பு மேடுகள், ஓரத்தில் ஒரு கறுப்புக் குவியல். யார் வீட்டுக்கு அண்ணன் மண் கொடுத்தார் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். எங்கள் குடும்பத்து இடம் அந்தக் குவியலை ஒட்டித்தான். குழி வெட்டியவர்கள் எடுத்த செம்மண்ணை அதன் மேலேயே போட்டிருந்தார்கள். ஃபாதர் ஜெபம் சொல்லித் தீர்த்தம் தெளித்தார். ஒவ்வொருவராகக் குனிந்து ஒரு கை மண் போட்டோம். என் கைக்கு வந்தது கரம்பை. அதன் மணம் எனக்குத் தெரியும். வேலையில் சொல்லிக்கொடுத்தபடி பார்த்தால் அந்த மண்ணை நான் அங்கே போடக் கூடாது. போட்டேன். குழியை மூடியவர்களும் கைக்குக் கிடைத்ததையெல்லாம் அள்ளிப் போட்டார்கள். கடைசியில் அண்ணன் மேடும் கறுப்பாகத்தான் எழும்பியது.

அடுத்த நாள் காலை பூசைக்குப் பிறகு நான் ஒரு கூடையும் மண்வெட்டியும் வாங்கிக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். யாரிடமும் கேட்கிற தைரியம் இல்லை. குவியலையாவது எடுப்போம் என்று போனேன். எனக்கு முன்னாலேயே அந்தச் சத்துணவு அக்கா அங்கே உட்கார்ந்து, தன் புருஷன் மேட்டிலிருந்த கறுப்பு மண்ணைக் கையாலேயே வழித்துச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முந்தானையால் மூக்கைச் சிந்தினார்.

"வாசல்ல நின்னு கேட்டாக. ஒரு வாய் தண்ணி குடிங்கன்னுகூடச் சொல்லாமப் போகச் சொன்னேன், ஆத்தா."

பத்து மணிக்குள் ஒன்பது வீட்டு ஆட்களும் வந்துவிட்டார்கள். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. நான் எதிரில் நின்று, இந்தத் தடவை, கால் மணி நேரம் பேசினேன். எது விஷம், எது கொஞ்சம், ஏன் எடுக்கிறோம், எங்கே போடப்போகிறோம், தொட்டால் ஒன்றும் ஆகாது, கையைக் கழுவினால் போதும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஒரு மணி நேரம் சொன்னாலும் கேட்டிருப்பார்கள். சொல்ல வேண்டியவருக்குத்தான் சொல்லவில்லை. வெயில் ஏறுவதற்குள் சாக்குகளை டிராக்டரில் ஏற்றி, மேடுகளுக்குக் கல்லறைத் தோட்டத்துச் செம்மண்ணையே அணைத்துவிட்டார்கள்.

கடைசியில் ஒரே ஒரு கறுப்பு மேடு மிச்சம் இருந்தது. நேற்று எழுந்தது.

யாரும் அதன் பக்கம் போகவில்லை. எல்லோரும் என்னையே பார்த்தார்கள். மதினி மேட்டின் தலைமாட்டில் நின்றார். கழுத்திலிருந்த தாலிச்செயினை அடக்கத்தன்று கழற்றியிருந்தார்கள், அந்த இடத்தைக் கையால் தடவிக்கொண்டே கேட்டார்.

"இதையும் எடுக்கணுமாத்தா?"

விட்டுவிடலாம் என்று சொல்ல ஆசையாக இருந்தது. ஒரு மேடுதானே, அளவு கொஞ்சம்தானே, கிணறு தள்ளித்தானே இருக்கிறது. எந்த மெஷினும் அந்த வித்தியாசத்தைக் கண்டுபிடித்திருக்காது. ஆனால் ஒரு கூடை விடக் கூடாது என்று சொன்னது அவர்.

"எடுக்கணும் மதினி. அண்ணன் சொல்லிட்டுத்தான் போயிருக்காக."

மதினி தலையை ஆட்டிவிட்டு ஒதுங்கி நின்றார். நானே எடுத்தேன். மண்வெட்டியைப் போட மனம் வரவில்லை, கையால்தான் வழித்தேன். நேற்று வைத்த செவ்வந்திப்பூ மாலையை ஓரமாக நகர்த்திவிட்டு, மேலாக இருந்த கறுப்பை மட்டும் அள்ளினேன். மூன்று கூடை வந்தது. குழிக்குள் போனதை எடுக்க முடியாது. நான் போட்ட ஒரு கையும் அதில்தான் இருக்கிறது. மேட்டுக்குச் செம்மண் அணைத்து, மாலையைத் திரும்ப வைத்தோம்.

கீழ் பந்தலில் சாக்குகளை அவிழ்த்து ஆட்கள் பரப்பிவிட்டுப் போன பிறகு, அந்த மூன்று கூடையை மட்டும் நான் தனியாக எடுத்துப்போனேன். வரப்பு ஒரு இடத்தில் பாதியில் நின்றது. அவருடைய மண்வெட்டி இன்னும் அங்கேயே சாத்தியபடி கிடந்தது. அதற்கு நேரே இருந்த கொடியின் அடியில், வெட்டுப்பட்ட வேர் தெரிந்த இடத்தில், மூன்று கூடையையும் கொட்டி அணைத்தேன். மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. மழை பிடித்துக்கொள்ளும் போலிருந்தது.

அவர் என்னிடம் கேட்டது ஒரே ஒரு வார்த்தை. மண்ணைத் தட்டிவிட்டு, யாரும் இல்லாத பந்தலுக்குள் சத்தமாகவே சொன்னேன்.

"நல்ல மண்ணுதாண்ணே."